கடனோடு சேர்த்துத் தலையில் கட்டியது

பிரிட்டனில் ஒரு வங்கி ஊழியர், பதவி இறக்கத்திலிருந்து தப்பிக்கத் தனக்கே இன்சூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டார். மனைவிக்கும் விற்றார். கூட வேலை பார்த்த ஒருவருக்கும் விற்றார்.

யாரோ சொல்லக் கேட்ட கதையில்லை இது. அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் 2013 டிசம்பரில் லாயிட்ஸ் வங்கிக் குழுமத்துக்கு 2 கோடியே 80 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அந்த ஆணையிலேயே இது இருக்கிறது. ஏன் அந்த மனிதருக்கு அப்படியொரு நெருக்கடி என்பதற்கும் அதே ஆணையில் விளக்கம் உண்டு. ஆண்டுக்கு 33,706 பவுண்டு சம்பளம் வாங்கும் விற்பனை ஆலோசகர் ஒன்பது மாதம் இலக்கை எட்டாவிட்டால் அடிப்படைச் சம்பளமே 25,927 பவுண்டுக்கு இறங்கிவிடும். எட்டிவிட்டால் போனஸ். ஆயிரம் பவுண்டு ரொக்கப் பரிசு, ‘ஷாம்பெயின் போனஸ்’ என்றெல்லாம் பெயர் வைத்து உசுப்பேற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாட்டை, மறுபக்கம் சாக்லேட். நடுவில் வாடிக்கையாளர்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் அபராத ஆணைகள் படிப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். உண்மைதான். பிரிட்டன்காரர்கள் ஆணைகளை எழுதும் விதம் எனக்குப் பிடிக்கும். “விதிமீறல் நடந்தது, அபராதம் இவ்வளவு” என்று இரண்டு பத்தியில் முடிக்க மாட்டார்கள். எந்தத் திட்டம், யாருக்கு எவ்வளவு போனஸ், மேலாளருக்கு எப்போது தெரியும், தெரிந்தும் என்ன செய்தார் என்று பக்கம் பக்கமாகப் போகும். அடுத்த வங்கியின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி அதைப் படித்துவிட்டுத் தன் வங்கியில் அதே ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

அந்த நாட்டிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் பிபிஐ. கடன் தவணைக்கான காப்பீடு. கடன் வாங்கியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ வேலை போனாலோ தவணையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்ற விதம் வேறு. வேலையிழப்புக்கு இழப்பீடு தரும் பாலிசியைச் சுயதொழில் செய்பவருக்கு விற்றார்கள். ஓய்வு பெற்றவருக்கு விற்றார்கள். ஏற்கெனவே நோய் இருந்தால் செல்லாது என்று உள்ளே ஒரு நிபந்தனை. நோயாளியிடமும் அது போனது. கடன் விண்ணப்பத்தில் ‘வேண்டும்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து நீட்டியதும் உண்டு. இதை எடுக்காவிட்டால் கடன் கிடைக்காது என்று சொன்னதும் உண்டு. பல இடங்களில் மொத்தப் பிரீமியத்தையும் முதல் நாளே கடனில் சேர்த்துவிட்டு, அந்தப் பிரீமியத்துக்கும் வட்டி வாங்கினார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த வித்தை நமக்குப் புதிதில்லை.

டெல்டா பக்கம் ஒரு கிளையில் வீட்டுக்கடன் ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தையல் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 240 மாதத் தவணை. கூடவே 80,000 ரூபாய் ஒற்றைப் பிரீமியத்தில் ஆயுள் காப்பீடு. அந்த 80,000-மும் கடனிலேயே ஏற்றியிருந்தது. பேப்பர் எல்லாம் கச்சிதம். முன்மொழிவுப் படிவம் ஆங்கிலத்தில், அடியில் தமிழ்க் கையெழுத்து. இப்படிப்பட்ட படிவத்தில் ‘வெர்னாகுலர் டிக்ளரேஷன்’ என்று ஒரு பகுதி உண்டு. விண்ணப்பதாரருக்கு அவர் மொழியில் எல்லாம் விளக்கிவிட்டேன் என்று ஒருவர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். மார்ச் மாதக் கடைசி வாரம். அடுத்தடுத்த ஃபைல்களிலும் அதே தேதி, அதே பேனா, அதே கையெழுத்து.

அன்று மதியம் அந்தத் தையல்காரரே தவணை கட்ட வந்தார். உட்கார வைத்துக் கேட்டேன்.

“அண்ணே, இந்த 80,000 ரூபாய் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அது லோன் போடுற செலவுன்னு சொன்னாங்கம்மா. கட்டினாத்தான் ஃபைல் மேல போகும்னாங்க.”

பக்கத்தில் நின்ற கடன் பிரிவு அதிகாரி, சின்னப் பையன், முகம் வெளுத்துவிட்டது. “மேடம், கையெழுத்து இருக்கு, டிக்ளரேஷனும் இருக்கு, பாருங்க” என்றான். பொய் சொல்லவில்லை. இரண்டும் இருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 80,000 ரூபாய்க்காக மட்டும் அவர் மாதம் சுமார் 720 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். 20 வருஷத்தில் அது 1 லட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டும். அவருக்குக் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கடன் தலைக்கு மேல் இருக்கும்போது குடும்பத் தலைவருக்கு ஒரு பாலிசி இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் வெளியே விசாரித்து, நாலு கம்பெனியின் டெர்ம் பாலிசி விலையை ஒப்பிட்டு, பிரீமியத்தை வருஷா வருஷம் கையிலிருந்து கட்டும் வழி இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. காப்பீடு என்றே சொல்லவில்லையே!

என் ஆய்வு அறிக்கைப் படிவத்தில் கையெழுத்து உண்டா, தேதி உண்டா, கேஒய்சி உண்டா என்று கட்டங்கள் இருந்தன. வாடிக்கையாளருக்குப் புரிந்ததா என்று கட்டம் இல்லை. ‘இதர குறிப்புகள்’ பகுதியில் எழுதிவிட்டு வந்தேன்.

பிரிட்டனும் நெடுங்காலம் இதே கட்டத்தில்தான் நின்றது. 2005 செப்டம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனம் பிபிஐ பற்றி முறைப்படி அரசிடம் புகார் கொடுத்தது. தனி ஆளின் புகாராக இல்லாமல், ஒரு சந்தையே கெட்டுக் கிடக்கிறது என்று நுகர்வோர் அமைப்புகள் புகார் கொடுக்க அங்கே சட்டத்தில் வழி உண்டு. அரசு குறித்த காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விவகாரம் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2009 ஜனவரியில் அது சொன்ன தீர்வு எளிமையானது: கடன் கொடுக்கும் மேசையிலேயே காப்பீட்டை விற்காதே. கடன் முடிந்து ஏழு நாள் போகட்டும், பிறகு பேசு. ஒற்றைப் பிரீமியம் கூடாது.

இந்த ஏழு நாள் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. கடன் அனுமதிக்காக மேலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, கொத்தனார் பாக்கிக்கு நிற்கிறார். அந்த நேரத்தில் நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். எத்தனை பக்கம் விளக்கக் குறிப்பு கொடுத்தாலும் அந்த மேசையின் பலம் வங்கியிடம்தான். போட்டி ஆணையம் விளக்கக் குறிப்பைக் கூட்டாமல், விற்கும் நேரத்தையே தள்ளி வைத்தது. ஒரு வங்கி எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனதில் நடைமுறைக்கு வர 2012 ஆனது வேறு கதை.

அதற்கிடையில், 2010-ல் அப்போதைய நிதிச் சேவைகள் ஆணையம் இன்னொரு உத்தரவு போட்டது. வங்கிகள் உண்மையில் நடுங்கியது இதற்குத்தான். வந்த புகார்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தால் மட்டும் போதாது; ஒரே மாதிரிப் புகார் திரும்பத் திரும்ப வந்தால் மூல காரணத்தைத் தேடு; அதே முறையில் யாருக்கெல்லாம் விற்றாயோ, புகாரே கொடுக்காதவர்கள் உட்பட, அவர்களையும் கணக்கில் எடு. வங்கிகள் சங்கம் நீதிமன்றம் ஏறியது. 2011 ஏப்ரலில் தோற்றது. மே மாதம் லாயிட்ஸ் வரிசையிலிருந்து விலகி, இழப்பீட்டுக்கென்று 320 கோடி பவுண்டை ஒதுக்கி வைத்தது. சில நாளில் சங்கமும் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

320 கோடியோடு முடியும் என்று நினைத்தார்கள். எல்லா வங்கிகளும் சேர்ந்து திருப்பிக் கொடுத்த தொகை கடைசியில் 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. இன்றைய மாற்று மதிப்பில் 4 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். லாயிட்ஸ் பங்கு மட்டும் 2,100 கோடி பவுண்டுக்கு மேல். புகார் கொடுக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அறிவித்து, ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகரின் தலையை இயந்திரப் பொம்மையாகச் செய்து, “சீக்கிரம் முடிவெடுங்கள்” என்று மக்களை விரட்டும் விளம்பரத்தை நிதி நடத்தை ஆணையமே ஓட்டியது. அந்த விளம்பரத்துக்கான 4 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவையும் புகார் அதிகம் வாங்கிய நிறுவனங்களின் தலையிலேயே போட்டார்கள். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இடையில் தரகர் கூட்டம் ஒன்றும் கொழுத்தது. உங்கள் பணத்தை வாங்கித் தருகிறோம் என்று ஊரெல்லாம் போன் போட்டு, கிடைத்த தொகையில் கால்வாசிக்கு மேல் கமிஷன் எடுத்த கம்பெனிகள் அவை. 2018-ல்தான் அதற்கு 20 சதவீத உச்சவரம்பு வந்தது. புகார் கொடுக்கும் வழியைக் கடினமாக வைத்தால் நடுவில் ஒருவன் கடை போடுவான். நம் ஊர் ஆர்டிஓ அலுவலக வாசலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புகாரைக் கையாண்ட விதத்துக்கென்றே லாயிட்ஸ் 2015-ல் தனியாக 11 கோடியே 70 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. காரணம் இதுதான்: நம்முடைய விற்பனை முறை சரியானது, விதிகளுக்கு உட்பட்டது என்ற அனுமானத்தோடுதான் ஒவ்வொரு புகாரையும் பார்க்க வேண்டும் என்று புகார் பிரிவு ஊழியர்களுக்கு வழிகாட்டியிருந்தார்கள். அந்தச் சின்னப் பையன் என்னிடம் சொன்ன “கையெழுத்து இருக்கு, பாருங்க” என்பதன் இங்கிலாந்துப் பதிப்பு. அங்கே அதற்கு விலை பத்துக் கோடிக்கு மேல், பவுண்டில்.

பணம் எங்கே போனது என்பதை 2014 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிட்டுப் பிட்டு வைத்தது. ஒரு பெண்மணி 34,000 பவுண்டு கடன் வாங்கியிருந்தார். கடன் பத்து ஆண்டுக்கு. கூடவே விற்ற பிபிஐ ஐந்து ஆண்டுக்கு மட்டும். பிரீமியம் 5,780 பவுண்டு. அதில் தரகர் எடுத்துக்கொண்டது 1,870, கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டது 2,280. காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது 1,630 பவுண்டு. ஆக 71.8 சதவீதம் கமிஷன். இதை அவரிடம் சொல்லவேயில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதே அநியாயமான உறவு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறான பாலிசியா, பொருத்தமான பாலிசியா என்ற கேள்விக்கே போகாமல், மறைத்த கமிஷன் ஒன்றை வைத்து ஜெயிக்கலாம் என்று கதவு திறந்தது.

பிரிட்டனைப் பார்த்துத்தான் நாம் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்றும் இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு செய்பவர் பணத்திலிருந்து நுழைவுக் கட்டணம் என்று பிடித்து ஏஜெண்டுக்குக் கொடுத்த வழக்கத்தை செபி 2009 ஆகஸ்டிலேயே ஒழித்துவிட்டது. முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் கூடாது என்ற விதி பிரிட்டனில் அமலானது 2012 டிசம்பர் கடைசியில். இதில் நாம் முந்திக்கொண்டோம். காப்பீட்டில்தான் பின்தங்கினோம். 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு பாலிசிக்கும் இவ்வளவுதான் கமிஷன் என்ற தனித்தனி வரம்பும் போய்விட்டது. கம்பெனியின் மொத்தச் செலவு வரம்புக்குள் எப்படியும் கொடுத்துக்கொள்ளலாம்.

விதி இல்லாத நாடும் இல்லை இது. கடனோடு காப்பீட்டைக் கட்டாயமாக இணைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. காப்பீடு விற்கும் வங்கி ஊழியருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாக ஊக்கத்தொகை கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. வங்கிகள் புகார் விவரங்களை ஆண்டறிக்கையில் இன்னும் விரிவாக வெளியிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் வந்த விதியும் இருக்கிறது. 2024 நவம்பரில் மும்பையில் நடந்த வங்கியாளர் மாநாட்டில், காப்பீட்டைத் தவறாக விற்பது மக்களின் கடன் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே பேசினார். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிறகு எங்கே இடிக்கிறது? கம்ப்ளையன்ஸ் அதிகாரி பார்க்கும் காகிதமும் கிளை மேலாளர் பார்க்கும் காகிதமும் வேறு வேறு. முதலாமவரிடம் செக்லிஸ்ட். இரண்டாமவரிடம் மண்டல அலுவலகம் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டார்கெட் பட்டியல்: எந்தக் கிளை எத்தனை பாலிசி, யார் பூஜ்யம், யார் பெயர் சிவப்பில். செக்லிஸ்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். டார்கெட்டைத் தினமும் கேட்பார்கள். லாயிட்ஸ் ஆணையைப் படித்தால் ஒன்று புரியும்: ஆணையம் பிடித்தது இந்த இரண்டாவது காகிதத்தை. ஒரு தனிப்பட்ட பாலிசி சரியாக விற்கப்பட்டதா என்று நிரூபிக்கப் போகவில்லை. இப்படி ஒரு சம்பள முறையை வைத்துக்கொண்டு ஒழுங்காக விற்றிருக்க முடியாது, அந்த ஆபத்தைக் கட்டுப்படுத்த நீ என்ன செய்தாய் என்று கேட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் கையில் டார்கெட் பட்டியலைக் கொடுத்திருந்தால், எந்த ஃபைலைத் திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அங்கிருந்து எடுக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2016 மார்ச்சிலிருந்து பிரிட்டிஷ் வங்கிகளில் மேல்மட்ட அதிகாரி ஒவ்வொருவரும் தன் பொறுப்பு எது என்று எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை ஆணையத்திடம் இருக்க வேண்டும். வில்லங்கம் வந்தால் “அது என் துறையில்லை” என்று நழுவ முடியாது. நம்முடைய பொதுத்துறை வங்கிகளில் மேலாளருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றம். பாலிசியைத் தலையில் கட்டியவர் திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். புகார் வரும்போது பதில் எழுதுபவர் அதை விற்றவரே இல்லை. இடமாற்றம் நல்ல ஏற்பாடுதான், ஊழலைத் தடுக்கும். ஆனால் விற்ற பாலிசிகள் எத்தனை பாதியில் கைவிடப்பட்டன, எத்தனை புகாரானது என்ற கணக்கு அந்த அதிகாரியோடு கூடவே அடுத்த ஊருக்கும் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மனிதவளப் பிரிவின் கணினியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

பிரிட்டனை உச்சியில் வைத்துக் கொண்டாடவும் நான் தயாராயில்லை. 2005-ல் வந்த புகாருக்கு 2019 வரை இழுத்தார்கள். பிபிஐ பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அங்கே கார் கடனில் இன்னொரு மறைமுகக் கமிஷன் ஓடிக்கொண்டிருந்தது: வட்டியைக் கூட்டக் கூட்டக் கார் விற்பவருக்குக் கமிஷனும் கூடும். 2021 ஜனவரியில் அதற்குத் தடை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025-ல் மறுபடியும் பல நூறு கோடி பவுண்டு இழப்பீட்டுத் திட்டம் பற்றிப் பேச வேண்டி வந்தது. தண்டனை கிடைத்தும் திருந்தவில்லை என்றுதானே அர்த்தம்? 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய விதி, வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிடைத்தது என்று நிறுவனமே காட்ட வேண்டும் என்கிறது. பலன் எப்படி என்று போகப் போகத்தான் தெரியும்.

அதுவரை வங்கி வாசலில் நிற்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. கடன் அனுமதிக் கடிதம் கையில் வாங்கியதும் ‘அசல் கடன் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு’ என்று பிரித்துக் கேளுங்கள். அதை எழுத்தில் கேளுங்கள். காப்பீடு கட்டாயம் என்று யாராவது சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். படிவத்தில் உங்கள் கைபேசி எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி வேண்டாமென்றால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம்; இடைப்பட்ட நாள்களின் காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை, முத்திரைத்தாள் செலவு போக மீதி திரும்பும். வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பவர்கள், ஒற்றைப் பிரீமியப் பாலிசிக்குச் சரண்டர் தொகை வருமா என்று கேட்காமல் வராதீர்கள். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

30 நாள் தாண்டிவிட்டாலும் வழி அடைபடவில்லை. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.